கடைசிக் கை

எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் கார் முடிந்த மாதிரிதான் என்று உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, எஞ்சினைப் பிரித்துக் கோத்து, பிரைமர் பூசிய வெறுங்கூடு சொந்தச் சக்கரங்களில் நிற்கும்போது வந்து பார்ப்பார்கள். "இனி என்ன, பெயிண்ட்தானே?" என்பார்கள். கராஜுக்கும் உரிமையாளருக்கும் பேச்சு நின்றுபோவது, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வேறு கராஜுக்குப் போவது எல்லாம் அந்தப் "பெயிண்ட்தானே"வுக்குப் பிறகுதான் நடக்கும். துருவை எடுப்பதில் கருத்து வேறுபாடு வராது. மினுக்கம் எவ்வளவு வேண்டும் என்பதில்தான் ஆளுக்கு ஒரு மனசு.

என் கராஜ் காளிகாட்டில், ஹாஜ்ரா முக்குக்கும் ராஷ்பிஹாரி முக்குக்கும் நடுவே, கோயிலுக்குப் போகிறவர்கள் வழிதவறி நுழைகிற ஒரு சந்தில் இருக்கிறது. தகரக் கூரை, சில வண்டிகள் நிற்க இடம், பின்னால் பிளாஸ்டிக் திரை கட்டிய பெயிண்ட் அறை. அவ்வளவுதான். அப்பா தென்கிழக்கு ரயில்வேயின் கார்டன் ரீச் அலுவலகத்தில் குமாஸ்தா. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த மற்றத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் ஆடிட்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது நான் மல்லிக் பஜாரில் ஒரு உஸ்தாதிடம் ஸ்பானர் பிடிக்கப் போய்விட்டேன். சென்னைக்குப் புதுப்பேட்டை போல, கல்கத்தாவுக்குப் பழைய வண்டிச் சாமான் என்றால் மல்லிக் பஜார். என் அம்மா சாகும்வரை இதை வெளியில் சொன்னதில்லை. "ஆட்டோமொபைல் லைன்" என்றுதான் சொல்வாள்.

இப்போது சொல்லப்போவது 1964 மாடல் அம்பாசடர் மார்க் டூ ஒன்றைப் பற்றி. பவானிப்பூரில் இருக்கும் ஒரு வக்கீலின் அப்பா புதிதாக வாங்கிய வண்டி. வக்கீலைத் தெருவே உகில்பாபு என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே. அவருடைய அக்கா மகன் மிச்சிகனில் வேலை பார்க்கிறவன். செலவில் பாதி அவனுடையது. விடுமுறைக்கு வந்தவன் கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். செக்கச்செவேலென்ற உடம்பு, பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டை, கண்ணாடி போல் கிளியர் கோட். அமெரிக்க மஸில் கார்கள். "மாமா, நம்ம வண்டியும் இதே வருஷம்தானே" என்றான்.

வருஷம் ஒன்றுதான். 1964இல்தான் பான்டியாக் ஜிடிஓ வந்தது. 389 கன அங்குல வி8 எஞ்சின், ஏறக்குறைய 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். அதே வருஷம் ஹூக்ளி நதியோரம் உத்தர்பாராவில் உருவாகி வந்த மார்க் டூவுக்கு 1489 சிசி. நல்ல நாளில் ஐம்பத்துச் சொச்சம் குதிரைகள். நம் ஊரில் மஸில் கார் என்ற இனமே கால் பதிக்கவில்லை. பம்பாய் சேவ்ரியில் 1928இல் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1954இல் மூடிவிட்டுப் போனது. அதன் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, அடுக்கடுக்காய் வரி. கல்கத்தாவில் இன்றைக்கு ஊர்வலத்துக்கு வருகிற பெரிய அமெரிக்க வண்டிகள் பெரும்பாலும் அதற்கு முந்தைய, ஜமீன் வீடுகளும் மார்வாடி வீடுகளும் வாங்கிப் போட்டவை. நம்முடைய பலசாலி, கிராமத்துக் கல்யாணத்துக்கு ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டு வருகிற அம்பாசடர்தான். அதை நான் குறைவாகச் சொல்லவில்லை.

பையனிடம் நேராக மறுக்கவில்லை. டிக்கி மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங்கின் அடியில் கத்தியால் கொஞ்சம் சுரண்டிக் காட்டினேன். பழைய வண்டியில் சூரியனும் பெயிண்டரும் தொடாத இடங்கள் சில உண்டு: பீடிங்குக்கு அடி, டேஷ்போர்டின் பின்புறம், கதவின் உள்தோலை எடுத்தால் தெரிகிற தகடு. மேலே இருந்த வெள்ளை, அதன் அடியில் ஒரு பச்சை, அதற்கும் அடியில் வெளிர் சாம்பல். உகில்பாபு குனிந்து பார்த்தார். "இதுதான் நான் ஸ்கூலுக்குப் போன கலர்" என்றார். பையன் விடவில்லை. அப்போதுதான் உகில்பாபு சட்டத்தை எடுத்தார். 2021இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அவருக்கு அப்பாவின் நம்பர் பிளேட் முக்கியம். பெயிண்ட் நிறத்தைப் பற்றி விதி அப்படி ஒன்றும் கறாராகப் பேசவில்லை. ஆனாலும் "மூல வடிவம்" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு, எதிர்த்தரப்பில் ஆளே இல்லாமல் அரை மணி நேரம் வாதாடினார். சாம்பல் நிறம் என்று தீர்ப்பாயிற்று.

எனக்கு நிறத்தைவிட வேறொரு கவலை. பழைய காரைப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஒரு ஆசை வரும்: தொழிற்சாலையே செய்யாத அளவுக்கு நன்றாகச் செய்துவிட வேண்டும் என்று. கதவு இடுக்கெல்லாம் ஜெர்மன் கார் மாதிரி ஒரே நூல், பெயிண்டில் முகம் பார்க்கலாம், நட்டு போல்ட்டுக்குக்கூடக் குரோமியம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு வண்டி. உத்தர்பாராவில் அந்தத் தகடுகளைப் பொருத்தியவர்கள் கையால் தட்டி, கையால் உரசி, அடுத்த வண்டிக்குப் போனார்கள். ஒரு அம்பாசடரின் கதவைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும், இரண்டும் ஒன்றல்ல. அந்தக் கையின் தரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் என் வேலை. அதற்குக் கீழே விடக்கூடாது. அதைத் தாண்டியும் போகக்கூடாது. தாண்டுவது சுலபம், பணம் இருந்தால் போதும்.

பெயிண்டுக்குப் பருவம் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் ஜூன் முதல் அக்டோபர் வரை காற்றைப் பிழியலாம். பழைய நாளில் எல்லோரும் அடித்தது டூகோ என்கிற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். அதில் தின்னர் சீக்கிரம் ஆவியாகும். ஆவியாகும்போது தகட்டைக் குளிரவைக்கும். ஈரக்காற்றில் இருக்கிற தண்ணீர் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, பெயிண்ட் வெள்ளை வெள்ளையாய் மூடுபனி பிடித்துவிடும். மெதுவாய் ஆவியாகிற தின்னர் கலந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். இப்போது நாங்கள் அடிப்பது ஹார்டனர் கலந்த பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். அதற்கும் ஈரம் ஆகாது, குமிழி விடும். ஆகவே நவம்பர் கடைசி, டிசம்பர். அதற்கு முன்னால் காளி பூஜை வாரத்தில் ஸ்ப்ரே கன்னைத் தொடவே மாட்டோம். காளிகாட்டில் அந்த இரவுகளில் பட்டாசுக் கரி எந்தத் திரையையும் தாண்டி உள்ளே வரும்.

என்னிடம் இருக்கும் ரங் மிஸ்திரி, அதாவது பெயிண்டர், தெற்கு 24 பர்கானாவிலிருந்து லோக்கல் ரயிலில் வருகிறவர். வயதில் மூத்தவர்; நான் அவரைச் சாச்சா என்பேன். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா மாதிரி பிடித்துக்கொள்ளும், அப்புறம் விடாது. சாதாரணத் துணி முகமூடி அதற்குப் போதாது. வெளியிலிருந்து காற்று வருகிற முகமூடி வேண்டும். சாச்சாவை அதை மாட்டவைப்பதற்கு நான் பட்ட பாடு தனிக் கதை. "கைக்குட்டை கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் அடித்தேன்" என்பார். அப்படி அடித்த எத்தனை பேர் இன்று மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியும்.

சாம்பலை ஒற்றை நிறமாக அடித்தோம். மேலே கிளியர் கோட் இல்லை. அறுபதுகளில் அப்படித்தான், நிறமே மினுங்க வேண்டும். பையனுக்கு இதில் வருத்தம். சில நாள் காயவிட்டு, வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று ஏறினோம். ஸ்ப்ரே செய்த பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாகத்தான் உட்காரும். பேப்பர் அந்தப் பொரியின் தலையை மட்டும் சீவும். தேய்த்த இடம் மங்கலாகும், தேயாத பள்ளம் புள்ளி புள்ளியாய் மினுங்கும். எல்லாப் புள்ளியும் போனால் பரப்பு சமம். ஆனால் மட்கார்டின் விளிம்பு, பானெட்டின் நடு மடிப்பு, கதவின் இடுப்புக்கோடு, இங்கெல்லாம் பெயிண்ட் தானாகவே மெல்லிசாகப் படியும். இரண்டு தேய்ப்பு கூடினால் பிரைமர் சிரிக்கும். அந்த மடிப்புகள் மேல் டேப் ஒட்டிவிட்டுச் சுற்றித் தேய்த்து, கடைசியில் டேப்பை எடுத்து, விரல் நுனியால் நாலு தடவை தடவினால் போதும். பாலிஷ் மெஷினும் அப்படியே. ஒரே இடத்தில் நின்றால் சூடேறி உருக்கிவிடும்.

வெளித்தகட்டை இப்படிச் சமமாக்கினோம். கதவைத் திறந்தால் தெரிகிற உள்விளிம்பு, டிக்கியின் உட்புறம், பானெட்டின் அடி, இவற்றை ஸ்ப்ரே விழுந்தபடியே விட்டுவிடச் சொன்னேன். தொழிற்சாலையில் அங்கெல்லாம் யாரும் பேப்பர் போட்டதில்லை. சாச்சாவுக்கே இது பிடிக்கவில்லை. பாதி வேலை என்று பெயர் வந்துவிடும் என்றார். விண்டேஜ் ராலி நடுவர்கள் முதலில் திறந்து பார்க்கிற இடமே அதுதான் என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகையின் விண்டேஜ் கார் ராலி டெல்லியில் 1964இலும் இந்த ஊரில் 1968இலும் தொடங்கியது. அதில் சுற்றித் திரிகிற கிழவர்களுக்கு மினுக்கம் ஒரு பொருட்டே இல்லை. டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்திருக்கிறானா, ஸ்க்ரூ தலையில் நேர்க்கோட்டுப் பள்ளமா கூட்டல் குறியா என்றுதான் பார்ப்பார்கள்.

ஸ்க்ரூ என்றதும் சாமான் கதை சொல்லியாக வேண்டும். அம்பாசடருக்குச் சாமான் கிடைக்காதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஊரெல்லாம் மஞ்சள் டாக்ஸியாகத்தானே இருந்தது! 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோனது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008இல் போட்ட உத்தரவின்படி 15 வருஷம் தாண்டிய வாடகை வண்டிகள் சாலையை விட்டுப் போயாக வேண்டியிருந்தது. ஆக, உடைப்புக் கடைகளில் அம்பாசடர் நிறைய. ஆனால் அவை எல்லாம் தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் வந்த நோவா, கிராண்ட் மாடல்கள். மார்க் டூவின் சின்னச் சின்னக் கட்டம் போட்ட கிரில் அவற்றில் இல்லை. டேஷ்போர்டு வேறு, கதவுப்பிடி வேறு, பின்விளக்கு வேறு. கதவுத் தகட்டை எடுக்கலாம், லீஃப் ஸ்பிரிங் எடுக்கலாம். மினுங்குகிற எதையும் எடுக்க முடியாது. கிரில் மல்லிக் பஜாரில் ஒரு கடை மாடியில் சாக்குக்குள் கிடந்தது. பழக்கத்தால் கிடைத்தது, விலையில் பழக்கம் ஒன்றும் தெரியவில்லை.

குரோமியம் வேலையில் ஒரு விஷயத்தைப் பலர் புரிந்துகொள்வதில்லை. பளபளப்பு குரோமியத்தில் இல்லை. அந்தப் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதற்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. அந்தச் செம்பையும் அதற்கு முன் அடித்தகட்டையும் பஃப் சக்கரத்தில் எப்படித் தேய்த்தார்கள் என்பதுதான் கடைசியில் தெரியும். பம்பர் இரும்பு, நெளிவெடுத்து, தேய்த்து, செம்பு ஏற்றி, மறுபடி தேய்த்தால் வழிக்கு வரும். கதவுப்பிடியும் பெயர்ப் பட்டையும் மசாக், துத்தநாகக் கலவையில் வார்த்தது. பழைய மசாக்கில் உள்ளுக்குள்ளே அரித்துக் குழி விழுந்திருக்கும். ஆசிட்டில் போட்டால் குழி இன்னும் பெரிதாகும். ஒவ்வொரு குழியையும் துளைத்துச் சுத்தம் செய்து, செம்பு ஏற்றி, ஈயம் வைத்து அடைத்து, அரம் போட்டு, திரும்பச் செம்பு. பிளேட்டிங் கடைக்காரர் இதைச் செய்யப் பிரியப்படமாட்டார். நகைத் தட்டார் வேலை, பாத்திரக்கடைக் கூலி என்பார். கூலியைக் கூட்டினேன். இரண்டு கதவுப்பிடியை மட்டும் குழியோடேயே விட்டோம், பின் கதவுதானே.

பெயிண்டும் குரோமியமும் வந்துவிட்டால் கோப்பு வேலை. இங்கே வரிசை தப்பினால் எல்லாம் தப்பும். முதலில் கூரையின் உள்துணி. அது வளைந்த கம்பிகளில் தொங்கும். முன் விளிம்பை இழுத்து, கண்ணாடி உட்காரும் மடிப்பில் ஒட்டி, அதற்கு மேல்தான் கண்ணாடி ரப்பர் வரும். கண்ணாடியை மாட்டிவிட்டு உள்துணிக்கு ஆள் தேடிய வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. ஒயரிங் அதற்கும் முன். லூகாஸ் நிற முறை தெரிந்திருந்தால் ஒயரிங் ஒன்றும் பயமில்லை. பழுப்பு பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி போட்டால் உயிர்பெறுவது, பச்சை அதற்குப் பின் ஃபியூஸ் வழியே, சிவப்பு சிறு விளக்கு, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். மொத்த வண்டிக்கும் ஃபியூஸ் இரண்டே. அந்தக் காலத்து மாதிரி நூல் பின்னிய உறை வேண்டும் என்று பையன் கேட்டான். அவன் கேட்டதில் எனக்கு முழுச் சம்மதமாக இருந்தது அது ஒன்றுதான்.

முன் கண்ணாடி மாட்டுவது பார்க்க வேண்டிய வேலை. கண்ணாடியைச் சுற்றி ரப்பரைப் போர்த்தி, ரப்பரின் வெளிப் பள்ளத்துக்குள் ஒரு நைலான் கயிற்றைச் சுற்று முழுக்கப் பதித்து, இரண்டு நுனியையும் கீழே நடுவில் தொங்கவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியை வெளியிலிருந்து சட்டத்தில் சாத்தி, ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே உட்கார்ந்தவர் கயிற்றை மெல்ல மெல்ல இழுப்பார். கயிறு வெளியே வர வர ரப்பரின் உதடு மடிப்பைத் தாண்டி உள்ளே விழும். வெளியே அழுத்துகிறவர் கயிறு வரும் இடத்துக்கு நேராகத்தான் அழுத்த வேண்டும். இரண்டு பேருக்கும் பேச்சு வேண்டும். சாச்சா வெளியே, நான் உள்ளே. "தீரே, தீரே" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். மூலை வந்ததும் இருவருமே பேசமாட்டோம்.

பிரேக் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்து பத்து நிமிஷம் இருந்தால் அந்த இடம் தோலுரியும். காற்றெடுக்கும் வேலையைப் பெயிண்டுக்கு முன்பே முடித்துவிட்டு, பிறகு தேவைப்பட்டால் வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மூடியைத் திறப்பேன்.

கதவு இடுக்கு கடைசியில்தான். அம்பாசடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, பாடியே சட்டம். எஞ்சின் இல்லாமல், ஸ்டாண்டில் நிற்கும்போது சரிபார்த்த கதவு, எஞ்சினும் சீட்டும் ஏறி வண்டி தன் சக்கரத்தில் உட்கார்ந்ததும் நகர்ந்திருக்கும். முன்புறம் டார்ஷன் பார். அதன் உயரத்தை இரண்டு பக்கமும் சமமாக்கினால் கதவும் கொஞ்சம் மாறும். ஆகவே எல்லாம் ஏறிய பிறகு, கீல்களில் தகடு வைத்து, பூட்டு நாக்கை நகர்த்திச் சரிசெய்வோம். புது ரப்பர் பீடிங் முதல் சில வாரம் கதவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உகில்பாபு கதவை மூன்றாவது தடவை அறைந்து சாத்தியபோது, "ரப்பர் படியட்டும், கோயில் கதவு மாதிரி சாத்தாதீர்கள்" என்றேன்.

ஸ்பீடோமீட்டரின் எழுத்தும் பெயர்ப் பட்டையின் பள்ளத்து நிறமும் பாக்கி. ஸ்டிக்கர் ஒட்டலாம், பலர் ஒட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் எழுத்து அந்த டயலில் உட்காராது. எங்கள் சந்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பட்டுவாபாரா. காளிகாட் படம் என்று உலக மியூசியங்களில் தொங்குகிறதே, அந்த வம்சத்துத் தெரு. இன்று அங்கே பெரும்பாலும் களிமண் சிலை வேலை. சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாட்கள். வரிசையாய் முகம் இல்லாத சரஸ்வதிகள் காய்ந்துகொண்டிருந்தன. அங்கே தெய்வத்துக்குக் கண் எழுதுகிற ஒருவரிடம் டயலைக் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வேண்டுமா என்றேன், பதில் சொல்லவில்லை. முழங்கையை மடியில் ஊன்றி, சுண்டுவிரலை டயலின் விளிம்பில் நிறுத்தி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஒரு கோடு. அடுத்த மூச்சில் அடுத்த கோடு. 10, 20, 30 என்று எண்கள் ஏற ஏற அவர் தூரிகையைத் திருப்பவில்லை, டயலைத்தான் திருப்பினார். கூலி கேட்டபோது, "ஒரு சின்னச் சரஸ்வதி விலை. அதற்கு ஆகிற நேரம்தான் இதற்கும் ஆனது" என்றார். பேரம் பேச என்ன இருக்கிறது?

எங்கள் வண்டியில் இருந்தது எஸ்யூ கார்புரேட்டர். அது பிடித்துப்போனவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது. உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் ஊசி, காற்று எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு தானே ஏறும். வால்வு இடைவெளி, பாயின்ட் இடைவெளி எல்லாம் ஃபீலர் கேஜில் சரிபார்த்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பிஸ்டனை நூலளவு தூக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி நிற்கப்பார்த்தால் குறைவு. லேசாக ஏறிப் பழையபடி அமர்ந்தால் சரி. அடியில் இருக்கும் நட்டை ஒரு முனை, ஒரு முனையாகத் திருப்ப வேண்டும். பையன் கைபேசியில் எதையோ வைத்து எஞ்சின் சுற்றை அளந்துகொண்டிருந்தான். "காதை வை" என்றேன். வைத்தான். ஜிடிஓ வேண்டும் என்று வந்த பையன் அன்று சாயங்காலம் வரை அந்த நட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கு நான் நல்ல சாலையைத் தேடமாட்டேன். ராஷ்பிஹாரி அவென்யூவின் டிராம் தண்டவாளத்தைச் சாய்வாக ஏறிக் கடந்தால் வண்டியில் எது ஆடுகிறதோ அது பேசும். டேஷ்போர்டின் ஒரு திருகு, டிக்கியின் ஜாக்கி, இடது முன் கதவின் கண்ணாடிக் கம்பி. ஒவ்வொன்றாய்ப் பேச்சை நிறுத்தினோம். பிறகு சதர்ன் அவென்யூவில் ஏரிக்கரையோரம் காலையில் சூடேறும்வரை ஒரு நீள ஓட்டம். திரும்பி வந்ததும் தரையில் சொட்டுச் சொட்டாய் எண்ணெய். பையன் பதறினான். இந்தப் பி-சீரிஸ் எஞ்சினின் பின் முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க் தண்டில் வெட்டிய சுருள் பள்ளம்தான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். இதற்குச் சீல் வைக்கிற வித்தைகள் உண்டு. வைக்க வேண்டாம் என்றேன். கீழே ஒரு தட்டு வைக்கச் சொன்னேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் காளி கோயிலில் காட்ட வேண்டும் என்றார் உகில்பாபு. கோயில் சந்துக்குள் கார் போகாது. வெளிச்சாலையிலேயே நிறுத்தினால், கோயில் பூசாரியான பாண்டா ஒருவர் வந்து பூஜை செய்வார். இங்கே செம்பருத்தி மாலை. மாலையைக் கோத்திருப்பது கம்பியிலா நூலிலா என்று நான் முன்கூட்டியே போய்ப் பார்த்தேன்; கம்பி புதுப் பெயிண்டில் கோடு போடும். இன்னொரு பயம் சிந்தூரம். எண்ணெயில் குழைத்து பானெட்டில் கை வைத்தால், முழுக்க இறுகாத பெயிண்டில் சிவப்பு இறங்கிவிடும். சாம்பலில் அது போகவே போகாது. பாண்டாவிடம் சொன்னேன், கிரில்லின் நடுவில் பம்பர் குரோமியத்தில் வையுங்கள் என்று. வாகனத்துக்கு நெற்றி பானெட்தான் என்றார். உகில்பாபு குறுக்கிட்டு, அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மாடலில் நெற்றி கிரில்லுக்கு மேல்தான் தொடங்குகிறது, ஆகவே பம்பர் மோவாய், மோவாயில் திலகம் சாஸ்திர விரோதமா இல்லையா என்று ஆரம்பித்தார். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. பாண்டா பம்பரிலேயே வைத்துவிட்டுப் போனார்.

கராஜுக்குத் திரும்பியதும் பில். எத்தனை வருஷம் கோர்ட்டுக்குப் போனவரோ, வரிவரியாய்ப் பென்சில் வைத்துப் படித்தார். குரோமியத்துக்கு இவ்வளவா? வாட்டர் பேப்பர் இத்தனை தாளா? எல்லாவற்றுக்கும் ரசீது காட்டினேன். ஒரு வரியில் நின்றார். 'டயல் எழுத்து – சரஸ்வதி ஒன்று.' "இதற்கு வவுச்சர்?" என்றார். பட்டுவாபாராவில் இருக்கிறார், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நிஜமாகவே எழுந்து போய்விட்டார். வெகுநேரம் கழித்து, பூஜைக்கு ஒரு சிலைக்கு முன்பணம் கொடுத்த சீட்டோடு வந்தார். அந்த வரியில் மட்டும் டிக் போட்டுவிட்டு, மற்றதற்கெல்லாம் பத்து சதவீதம் தள்ளுபடி கேட்டார். ஐந்தில் முடித்தோம்.